பதினொன்றாம் கட்டம்

அந்தச் சந்தில் அவருக்கு ஃபாரம் மாமா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அது சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே வந்ததில்லை. பஸ் டிப்போவுக்குப் பின்புறம், சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. அதற்கு ஏறுகிற இரும்புப் படியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் கையில் தண்ணீர் இணைப்பு மனு, ஒருத்தர் கையில் பிறப்புச் சான்றிதழ், ஒருத்தர் கையில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிற ஃபாரம். எல்லாம் அந்த ஊர் பாஷையில் அச்சடித்தவை. சந்துக்காரர்களுக்கு அந்த பாஷை, கடையில் விலை கேட்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும், சண்டை வந்தால் நாலு வார்த்தை திட்டவும் போதுமான அளவுக்கு வரும். ஃபாரத்தில் இருக்கிற வார்த்தைகளோ இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வருகிறவை. அவற்றோடு பேச மாமாதான் வேண்டும்.

"மாமா, இதுல என்ன கேக்குறாங்க?"

"நீ யாருன்னு கேக்குறாங்க."

"அதை நேர்ல வந்தே பாத்துக்கலாமே!"

"பாத்தா பயந்துடுவோம்னுதான் எழுதித் தரச் சொல்றாங்க. கையெழுத்துப் போடு."

இப்படித்தான் பேசுவார். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், நான் போனபோது ஃபாரம் தீர்ந்துபோச்சு என்பார். உண்மை வேறு. தங்கை புருஷன் லாரி கவிழ்ந்து செத்தபோது தங்கைக்கு இருபத்தாறு வயசு, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துக்கொண்டார். அதோடு அவருடைய கல்யாணப் பேச்சு அடங்கிப்போனது. அதைப்பற்றி அவரும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை, தங்கையும் திறந்ததில்லை.

தங்கைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரியில் வேலை என்று சொன்னால் கேட்கிறவர்கள் என்னமோ ஏதோ என்று நினைப்பார்கள். லாண்டரியில் வேலை. ஆஸ்பத்திரிக்கு முன்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு. டாக்டர்களும் நர்ஸுகளும் அதன் வழியாகப் போவார்கள், ஆள் கிட்டே வந்ததும் அது தானாகத் திறந்துகொள்ளும். பின்பக்கம் ஒரு தகரக் கேட். அதன் வழியாக அழுக்குப் படுக்கை விரிப்புகளும் அவற்றைத் துவைக்கிறவர்களும் போவார்கள். அதைத் தோளால் முட்டித் தள்ளினால்தான் திறக்கும். உள்ளே ஆவி பறக்கிற பெரிய உருளை மெஷின். ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து தட்டையாக வரும். வருகிற சூட்டோடு பிடித்து மடிக்க வேண்டும். ஆறு மாதத்தில் தங்கையின் விரல் நுனியில் ரேகையே அழிந்துபோய்விட்டது. கைநாட்டு வைக்கக்கூட லாயக்கில்லாத கை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் சிரிக்காமல் சொல்வாள்.

"அண்ணா, இவ ஒருநாள் அந்தக் கண்ணாடிக் கதவு வழியா உள்ள போகணும். சீக்காளியா இல்ல, நர்ஸா. அது மட்டும் நடந்துட்டா போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மகளுக்குச் சந்தில் வாயாடி என்று பெயர். மூன்று வயசில் வைத்த பெயர், பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம். கண் விழித்ததிலிருந்து கண் மூடுகிறவரை பேச்சுத்தான். "மாமா, பஸ்ஸெல்லாம் டிப்போவுல தூங்குமா? அதுக்கு யாரு போர்வை போத்துவாங்க? நம்ம அம்மா மடிக்கிற போர்வையைக் குடுக்கலாமா? பஸ்ஸுக்கு எத்தனை போர்வை வேணும்?" என்று கேட்டுக்கொண்டே படியில் கூட வருவாள். மாமாவும் எத்தனை போர்வை வேண்டும் என்று யோசித்துத்தான் பதில் சொல்வார். கீழே சைக்கிள் கடைக்காரர், "இந்தப் பொண்ணைக் கட்டிக்கிறவன் காதுக்குப் பஞ்சு வாங்கியே ஓட்டாண்டி ஆயிடுவான்" என்பார். இதெல்லாம் அவர்கள் வீட்டு பாஷையில்தான். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஃபாரம் மாமாவுக்கு வேலை கல்வி அலுவலகத்தில். கீழ்த்தளம், ஜன்னல் இல்லாத பக்கம், மூன்றாவது மேஜை. ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறந்ததும் வட்டாரத்துப் பள்ளிகளிலிருந்து மாணவர் ஃபாரங்கள் கட்டுக் கட்டாக வரும். ஒரு ஃபாரத்தில் இருபது கட்டம். ஏழாவது கட்டம் அப்பன் தொழில். எட்டாவது அம்மா எத்தனை வகுப்புப் படித்தவள். ஒன்பதாவது வீட்டில் எத்தனை அறை. பத்தாவது வீட்டில் எத்தனை புத்தகம். பதினொன்றாவது, வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள். பள்ளிக்கூட பாஷையே வீட்டிலும் என்றால் ஒன்று என்று போட வேண்டும். இரண்டும் மூன்றும் வேறு ஆட்களுக்கு. மாமாவின் ஆட்களுக்கு நான்கு. இதையெல்லாம் மெஷினில் ஏற்றுவதுதான் அவர் வேலை. வருஷக் கடைசியில் மார்க்குகள் வரும், அதையும் ஏற்றுவார். மெஷின் ஒரு அட்டவணை துப்பும். அதில் எந்த வருஷமானாலும் சரி, எந்தப் பாடமானாலும் சரி, நான்காம் நம்பர் வரிதான் கடைசியில் கிடக்கும்.

பதினைந்து வருஷம் பார்த்தார். எதற்காக இந்தக் கட்டம், இதை வைத்துக்கொண்டு மேலே என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. கீழ்த்தளத்துக் குமாஸ்தா மாடிப்படி ஏறிப்போய், ஐயா இது எதுக்கு என்று கேட்கிற வழக்கம் அந்த அலுவலகத்தில் கிடையாது. அட்டவணையை எடுத்துக்கொண்டு போக மேலேயிருந்து ப்யூன் வருவான், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் அட்டவணையை வாங்க சூப்பிரண்டே நேரில் இறங்கி வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரியைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த நாலாம் நம்பர் பிள்ளைங்க இருக்கிற வரைக்கும் நம்ம வட்டாரம் தலை தூக்காதுப்பா" என்றார்.

மாமாவிடம்தான் சொன்னார். மாமாவும் நாலாம் நம்பர்தான் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. மாமாவின் உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். மாமா சிரித்துவைத்தார். சிரித்தாரே, அந்தச் சிரிப்பு அன்று சாயங்காலம் வீடுவரைக்கும் கூடவே வந்தது. அவரும் ஒரு காலத்தில் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மண்ணும் புரியாமல் விழித்தவர்தான். கையெழுத்து நன்றாக இருந்ததால் பிழைத்தார். கரும்பலகையில் இருப்பதை அப்படியே முத்து முத்தாக எழுதிவிடுவார். வாத்தியார் அதைப் பார்த்துப் பையன் கெட்டிக்காரன் என்று முடிவு கட்டிவிட்டார். அர்த்தம் ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. ஆக, மாமா வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: மேலே இருக்கிறவன் கண்ணில் நல்லவிதமாகப் பட்டுவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும். நான்கு என்கிற முத்திரையை முதல் நாளே பிள்ளை நெற்றியில் குத்தி அனுப்பினால் எவன் அதற்குச் சொல்லித்தருவான்? மார்க் ஏன் வராது என்று இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தார். அட கடவுளே, அந்த நினைப்பு வராமலே இருந்திருக்கலாம்.

அந்த வருஷம்தான் வாயாடி முதல் வகுப்பில் சேர வேண்டிய வருஷம். ஃபாரத்தைத் தகரப் பெட்டிமேல் விரித்து வைத்துக்கொண்டார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எட்டாவது கட்டம். நீ படிச்சது பத்தாம் கிளாஸ்."

"நான் மூணாம் கிளாஸ்தானே அண்ணா?"

"மூணுக்கும் பத்துக்கும் நடுவுல வெறும் ஏழு. யாரு வந்து எண்ணப்போறா? பத்தாவது கட்டம், வீட்டுல புத்தகம்."

தங்கை விரல் விட்டாள். மாமாவின் பழைய அகராதி ஒன்று, மருந்துக்கடையில் கொடுத்த காலண்டர் ஒன்று, குழந்தையின் படப் புத்தகம் ஒன்று.

"ஐம்பதுன்னு போட்டுக்கிறேன்."

"ஐம்பதா! அப்புறம் நாம எங்க படுக்கிறது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பதினொன்றாவது கட்டத்துக்கு வந்தபோது மாமா சிரிக்கவில்லை. பேனாவை ஒருதரம் உதறிக்கொண்டு 'ஒன்று' என்று எழுதினார். நல்ல எழுத்து, அழிக்கவோ திருத்தவோ இடமில்லாத எழுத்து.

அதற்குப் பிறகு குழந்தையைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "இங்க பாரு கண்ணு. பள்ளிக்கூடத்துல நம்ம பாஷையில ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒண்ணே ஒண்ணுகூட. வீட்டுல என்ன பாஷைன்னு யாராவது கேட்டா, இதேதான்னு தலையாட்டணும். பேசினேன்னு வெச்சுக்க, மாமாவுக்கு வேலை போயிடும்."

"அப்ப ஒண்ணுக்கு வந்தா?"

"கையைத் தூக்கு."

"தண்ணி வேணும்னா?"

"அதுக்கும் கையைத்தான் தூக்கணும்."

"பஸ்ஸைப் பத்தி ஏதாவது தோணிச்சுன்னா?"

"வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லு."

குழந்தை ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டியது. மாமாவுக்கு வேலை போய்விடக்கூடாது, அல்லவா?

வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். மாமா அப்படிப்பட்ட சுயநலக்காரர் இல்லை. நல்ல மனசு, அந்த நல்ல மனசுதான் கெடுத்தது. அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் படியில் வந்து உட்கார்ந்த அத்தனை பேருக்கும் பதினொன்றாம் கட்டத்தில் ஒன்று போட்டார். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் வருஷா வருஷம் புது ஃபாரம் உண்டு, அதிலும் ஒன்று. பேக்கரிக்காரர் மட்டும் தயங்கினார்.

"பொய்யில்லையா மாமா?"

"பொய்யில்ல அண்ணே, நம்பர்" என்றார் மாமா. பேக்கரிக்காரர் கையெழுத்துப் போட்டார்.

ஃபாரங்கள் அலுவலகத்துக்கு வந்தன. தான் எழுதியதைத் தானே மெஷினில் ஏற்றினார். சந்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் முந்தின வருஷம் நான்காம் நம்பர் நாற்பத்தொன்று. இந்த வருஷம் ஒன்பது. மாமாவுக்கு அன்று மனசு நிறைந்துவிட்டது. போகிற வழியில் வாயாடிக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் பள்ளியில் ஒரு துணை டீச்சர் இருந்தாள். சந்துப் பிள்ளைகள் அவளை நம்ம டீச்சர் என்பார்கள். வகுப்பில் வாத்தியார் பாடம் நடத்துகிறபோது இவள் ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டுக்கொண்டு புதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து, அவர் சொன்னதை வீட்டு பாஷையில் காதோடு சொல்லுவாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த ஸ்டூல்தான் பள்ளிக்கூடம். பள்ளி திறந்த இரண்டாம் மாதம் அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. டிரைவர் வீட்டு அக்கா படியில் வந்து மூக்கைச் சிந்தினாள். "தங்கமான பொம்பளை மாமா. யாரு கண்ணு பட்டுச்சோ."

"சர்க்கார் உத்தியோகம்னா இடமாற்றம் வரத்தான் செய்யும், விடுங்க" என்றார் மாமா.

வாயாடி சொன்ன சொல் தவறவில்லை. ஆறு வயசுக் குழந்தை, பாவம், மாமாவின் வேலையைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு தினமும் ஐந்து மணி நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் கையைத் தூக்கியது. புரியவில்லை என்பதற்குக் கையைத் தூக்கினால் என்ன புரியவில்லை என்று கேட்பார்களே, அதைச் சொல்ல வாயில் அந்த பாஷை இல்லையே. அதனால் அதற்குத் தூக்கவில்லை. பஸ்ஸைப் பற்றித் தோன்றியதை முதல் மாதம் வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னாள். பிறகு பஸ்ஸைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் வருஷம் வீட்டிலும் கேட்டதற்குப் பதில் என்று ஆகிவிட்டது. தங்கைக்கு அதில் பெருமை. "பாரு அண்ணா, பள்ளிக்கூடம் போனதுமே எவ்வளவு அடக்கமாயிட்டா!"

பெயர் மட்டும் மாறவில்லை. சந்தில் எல்லோரும் அவளை வாயாடி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் வகுப்பில் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். தங்கைக்குப் பகல் வேலை, மாமாதான் போனார். தலைமை ஆசிரியை நல்லவள்தான். நாற்காலி போடச் சொன்னாள். மேஜைமேல் வாயாடியின் விடைத்தாள்கள். முத்து முத்தான கையெழுத்து. மாமாவைக் கொண்டு பிறந்தவள். கேள்விக்குக் கீழே கேள்வியையே அழகாகத் திரும்ப எழுதி வைத்திருந்தாள்.

"நாலு வருஷமா ஒரு வார்த்தை பேசினதில்லைங்க. எது கேட்டாலும் தலையாட்டறா. வீட்டுல வேற பாஷை பேசற பிள்ளைங்க இப்படி இருக்கிறது உண்டு. அப்படின்னா நாங்க பொறுத்துப்போம், சேத்துப் பிடிப்போம். அதனாலதான் ஃபாரத்தை எடுத்துப் பாத்தேன்." அவள் ஃபாரத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். "இதே பாஷைதான் வீட்டுலயும். அம்மா பத்தாவது. வீட்டுல ஐம்பது புத்தகம். இவ்வளவும் இருந்து ஒண்ணும் ஏறலன்னா, சொல்ல மனசு கஷ்டமாத்தான் இருக்கு, பிள்ளைக்கு மூளை கொஞ்சம் மட்டுங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். அம்மா, ஃபாரத்தில் இருப்பது பொய், எழுதினது நான்தான். அவருக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே அலுவலகம் வந்தது, சூப்பிரண்டு வந்தார், பொய்க் கணக்கு எழுதிய குமாஸ்தா என்கிற பெயர் வந்தது, மூன்று வயிறு வந்தது. மாமா எச்சில் விழுங்கினார். தலைமை ஆசிரியை அந்த விழுங்கலைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்தார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார்.

மறுநாளிலிருந்து வாயாடிக்கு வேறு அறை. மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்கான அறை என்று வாசலில் எழுதியிருக்கும். உள்ளே காகிதப் பை ஒட்டுவார்கள், படத்துக்கு வர்ணம் அடிப்பார்கள். பாடம் என்று பேருக்கு அரை மணி நேரம். எட்டாம் வகுப்பு வரைக்கும் வர்ணம் அடித்தாள். அதற்குமேல் அந்த அறைக்கு வகுப்பு கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு நின்ற நாளில் தங்கை அழுதாளே ஒரு அழுகை, சைக்கிள் கடைக்காரர் கீழே கையில் பிடித்திருந்த டியூபோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என் தலையெழுத்து அண்ணா. பிள்ளை மக்காப் பிறந்துடுச்சு. நீ என்ன பண்ணுவ, உன்னால ஆனதெல்லாம் பண்ணின."

தான் செய்ததில் அப்போதும் மாமாவுக்குப் பாதிதான் தெரியும்.

பதினாறு முடிந்ததும் வாயாடி ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். தகரக் கேட்டைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டு அம்மா முன்னால், மகள் பின்னால். அம்மா மெஷினுக்கு இந்தப் பக்கம் ஈர விரிப்பைக் கொடுப்பாள், மகள் அந்தப் பக்கம் பிடித்து மடிப்பாள். கை வேகம், மடிப்பு கச்சிதம், வாயில் பேச்சில்லை. லாண்டரி மேஸ்திரிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த வருஷமே அவளுக்கும் விரல் நுனி வழவழ என்று ஆகிவிட்டது.

மாமாவுக்கு மீதிப் பாதி தெரிந்தது இதற்கெல்லாம் பிறகு. மாடியில் ஆசிரியர் நியமனப் பிரிவுக் குமாஸ்தாவுக்கு அறுவை சிகிச்சை, இரண்டு மாதம் லீவு. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக மாமாவை மேலே உட்காரச் சொன்னார்கள். அங்கே ஜன்னல் இருந்தது. பழைய ஃபைல்களை வருஷவாரியாக அடுக்குகிற வேலை. மூன்றாம் நாள் காலை சந்துப் பள்ளியின் ஃபைல் கைக்கு வந்தது. சும்மா புரட்டினார். துணை டீச்சரின் இடமாற்ற உத்தரவு. காரணம் என்கிற இடத்தில் இரண்டே வரி: நான்காம் குறியீட்டு மாணவர் முப்பது பேருக்கு ஒரு துணை ஆசிரியர் என்பது விதி, இப்பள்ளியில் இப்போது ஒன்பது பேர், பணியிடம் ரத்து. ஆதாரம், இணைப்பு ஒன்று. இணைப்பைத் திருப்பினார். அவர் ஏற்றிய அட்டவணை. கீழே சரிபார்த்தவர் என்கிற இடத்தில் அவருடைய முத்து முத்தான கையெழுத்து.

அந்தக் கட்டம் பிள்ளையை ஒதுக்க வைத்த கட்டம் இல்லை. பிள்ளைக்கு ஆள் அனுப்ப வைத்த கட்டம். இருபத்தேழு வருஷம் கீழே உட்கார்ந்து அதைத் தட்டிக்கொண்டிருந்தவருக்கு, ஒரு மாடி ஏறி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மாமா ஃபைலை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து மேஜைக்காரர், "என்னய்யா, உடம்பு சரியில்லையா?" என்றார். "வெளிச்சம் பழக்கமில்ல" என்றார் மாமா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படியில் யாரையும் உட்கார விடவில்லை. அவரே இறங்கி வீடு வீடாகப் போனார். இந்த வருஷம் பள்ளி ஃபாரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், நாலு என்று போடுங்கள், நம்ம டீச்சரை மாற்ற வைத்தது நான்தான் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். டிரைவர் வீட்டு அக்கா, மூன்று பிள்ளையும் பெயிலாகிப்போனதைப் பார்த்தவள், அவர் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். பேக்கரிக்காரர் அடுப்பு வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"அன்னைக்கு ஒண்ணுன்னீங்க. இன்னைக்கு நாலுங்கறீங்க. எம்புள்ளை என்ன மாமா, நம்பரா?"

அவர் சொன்ன வார்த்தை அவரையே திருப்பி அடித்தது. மாமா வாங்கிக்கொண்டார். "என்னைச் செருப்பால அடிங்க அண்ணே. ஆனா நாலுன்னு போடுங்க."

பேக்கரிக்காரர் அடிக்கவில்லை. போட்டார். ஆளுக்கு ஆள் திட்டிக்கொண்டே போட்டார்கள். அந்த வருஷம் நான்காம் குறியீடு முப்பத்துமூன்று. மாடியில் யாரும் எப்படி என்று கேட்கவில்லை. மாடியிலும் கேட்கிற வழக்கம் கிடையாதுபோல. இரண்டாம் மாதம் ஒரு புது டீச்சர் வந்து அந்தக் குட்டை ஸ்டூலைத் தூசி தட்டினாள். மாமா தன் தப்பை ஒரு மனுவாக எழுதி சூப்பிரண்டு மேஜையிலும் வைத்தார். அவர் படித்துவிட்டு, ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இழுப்பறையில் போட்டுக்கொண்டார். எந்த வேலை போய்விடும் என்று ஆறு வயசுக் குழந்தையைப் பயமுறுத்தினாரோ, அந்த வேலை கடைசிவரை போகவே இல்லை.

சந்து முழுக்கச் சொன்ன மனிதர் ஒரு வாசலில் மட்டும் சொல்லவில்லை, தன் வீட்டு வாசலில். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். சந்தில் ஒரு சேதி எத்தனை நாள் ஒரு வீட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போகும்? ரொட்டி வாங்கப்போன வாயாடியிடம் பேக்கரிக்காரர் சொல்லிவிட்டார்.

அவள் ரொட்டியைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள். மாமா ஜன்னல் பக்கம் சவரம் செய்துகொண்டிருந்தார். தங்கை உள்ளே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாயாடி வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பதினெட்டு வயசுப் பெண், ஆறு வயசில் உட்கார்ந்த மாதிரியே முழங்காலைக் கட்டிக்கொண்டு.

"மாமா, அப்ப நான் மக்கு இல்லையா?"

கத்தி கன்னத்தில் அப்படியே நின்றது. அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று என்னென்னவோ நினைத்துப் பயந்து வைத்திருந்தார். இதை நினைக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக அவளே அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இல்லம்மா. நீ மக்கு இல்ல. நீ ஒருநாளும் மக்கு இல்ல. மக்கு நான்."

உள்ளே துணி உலர்த்துகிற சத்தம் நின்றுபோயிற்று. தங்கை கதவோரம் வந்து நின்றாள். அண்ணனைப் பார்த்த பார்வை மட்டும் அவருக்கு ஆயுசுக்கும் போதும்.

வாயாடி மாமா பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "இதை எழுதிக் குடுங்க மாமா" என்றாள்.

"எதை?"

"இப்ப சொன்னதை. நான் மக்கு இல்லன்னு. எல்லாருக்கும் எழுதிக் குடுக்கறீங்களே. எனக்கு ஒண்ணு குடுங்க. பெட்டியில வெச்சுக்கறேன்."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். தகரப் பெட்டிமேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார், பேனாவைத் திறந்தார்.

"எந்த பாஷையில எழுதட்டும்மா?"

அவள் யோசித்தாள். ரொம்பநேரம் யோசித்தாள், அன்றைக்குச் சரி என்று தலையாட்டுவதற்குமுன் யோசித்த மாதிரி.

"அவங்க பாஷைன்னா எழுத்துக் கூட்டி வாசிச்சுடுவேன், அர்த்தம் புரியாது. நம்ம பாஷைன்னா அர்த்தம் புரியும், வாசிக்க யாரும் சொல்லித்தரலையே மாமா."

மாமா பேனாவை ஒருதரம் உதறிக்கொண்டார்.

"எதுலயாவது எழுதுங்க" என்றாள் வாயாடி. "அப்பப்ப கொண்டாந்து தரேன். நீங்களே வாசிச்சுக் காட்டிடுங்க."

அவர் எழுதினார். எழுதி முடித்து ஒருதரம் வாசித்தார். அவள் அந்தத் தாளை வாங்கி, லாண்டரியில் விரிப்பை மடிக்கிற மாதிரி ஓரத்தோடு ஓரம் சேர்த்து நாலாக மடித்து எடுத்துக்கொண்டு, அம்மாவோடு வேலைக்குப் போனாள்.